எஃகின் வயதை யார் சொல்வது?

அணு மின் நிலையத்தில் பம்பு, குழாய், நீராவிக் கலன் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். எரிபொருளைத் தாங்கி நிற்கும் அழுத்தக் கலனை மட்டும் நடைமுறையில் மாற்ற முடியாது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கனமுள்ள அந்த எஃகுச் சுவர் தாங்கும் வரைதான் நிலையத்தின் ஆயுள். சுவரில் வந்து மோதும் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. வளைந்துகொடுக்க வேண்டிய எஃகு ஆண்டுக்காண்டு இறுகி, முறியும் குணம் பெறுகிறது. இந்த மூப்பைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. உலையை நம்பி ஓட்ட நல்ல எஃகு மட்டும் போதாது. அதே எஃகில் வெட்டி, உலைக்குள்ளேயே வைத்து, அவ்வப்போது எடுத்து உடைத்துப் பார்க்கும் மாதிரித் துண்டுகளும் வேண்டும். அவை இல்லாத இடத்தில், உறுதியாக இருந்திருக்கக்கூடிய எஃகின் மீதும் நம்பிக்கை வைக்க முடியாமல் போனது.

எஃகு திடீரென முறியும் என்ற அச்சம் அணு உலைகளுக்கு முந்தியது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அலையில்லாத துறையில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நடுவே பிளந்தது. போர்க்காலக் கப்பல்கள் பலவற்றில் இப்படி விரிசல் விழுந்தபோது பழி முதலில் வெல்டிங்கின் மேல்தான் விழுந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் அந்த எஃகே முறியும் தன்மை அடைகிறது என்று காட்டினார். அந்த மாறுநிலை வெப்பத்தை அறிய இன்றும் பயன்படுவது பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் சார்பியின் பெயரால் வழங்கும் சோதனை. 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட துண்டின் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு போடுவார்கள். ஊசல்போல் ஆடிவரும் சம்மட்டி ஒரே அடியில் அதை உடைக்கும். உடைக்கச் செலவான ஆற்றலே அளவு. கதிர்வீச்சு இந்த மாறுநிலை வெப்பத்தை மேலே தள்ளுகிறது. உலை முழுச் சூட்டில் ஓடும்போது அதனால் தொல்லையில்லை. அழுத்தம் இறங்காமல் சூடு மட்டும் சட்டென்று இறங்கினால்தான் ஆபத்து. 1978 மார்ச்சில் கலிபோர்னியாவின் ராஞ்சோ செகோ நிலையத்தில், கட்டுப்பாட்டுப் பலகைக்குள் கைநழுவி விழுந்த ஒரு சிறு பல்பு ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கியது. சுமார் ஒரு மணி நேரத்தில் உலையின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சரிந்தது. அந்தக் கலனுக்கு அப்போது வயது குறைவு, தாங்கிக்கொண்டது.

வயதேறிய கலன் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கட்டியவர்கள் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார், ஒரே வகை எஃகு ஒரே அளவு கதிர்வீச்சில் ஏன் வெவ்வேறு வேகத்தில் கெடுகிறது என்று தேடி, செம்பையும் பாஸ்பரஸையும் அடையாளம் கண்டார்கள். வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமலிருக்க அதற்குச் செம்பு முலாம் பூசுவது பட்டறை வழக்கம். அந்த முலாம் உருகிப் பற்றவைப்பில் கலந்தது. ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குச் செம்பு, சில நானோமீட்டர் திரள்களாகக் கூடி எஃகை இறுக்கியது. இதை எந்த வரைபடமும் சொல்லவில்லை. கதிர்வீச்சு பட்ட துண்டுகளை உடைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். புதிய கலன்களில் செம்பின் அளவுக்கு வரம்பு வந்தது.

மாசசூசெட்ஸின் யாங்கி ரோ நிலையத்துக்கு, துண்டுகளை உடைத்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கவில்லை. 1960-ல் தொடங்கிய அந்த உலையில் மாதிரித் துண்டுச் சோதனையை 1965-லேயே கைவிட்டிருந்தார்கள். உரிமத்தை நீட்டிப்பதற்கு முன்னோடியாக அது தேர்வானபோது கேள்விகள் எழுந்தன. பற்றவைப்பில் எவ்வளவு செம்பு இருக்கிறது? சுவர் எவ்வளவு இறுகியிருக்கிறது? உறுதியான விடை இல்லை. 1991 அக்டோபரில் உலையை நிறுத்தினார்கள். 1992 பிப்ரவரியில் நிரந்தரமாக மூடினார்கள். பணக் கணக்குதான் அதை மூடியது, எஃகு அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது: 185 மெகாவாட் தரும் சிறு நிலையம் பெருஞ்செலவைத் தாங்காது. ஆனால் அந்தச் செலவு எதற்கு? கலனின் நிலையை நிரூபிப்பதற்கு. துண்டுகள் கையில் இருந்திருந்தால் நிரூபணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருந்திருக்கும்.

இறுகிய எஃகைச் சூடாக்கி மீட்கலாமே என்பது அடுத்த எதிர்வாதம். மீட்கலாம். சோவியத் விவிஇஆர்-440 வகை உலைகளின் கலன்களை ரயிலில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்ததால் விட்டத்தைக் குறுக்கினார்கள். எரிபொருளுக்கும் சுவருக்கும் இடையிலான நீர்ப்படலம் மெலிந்து, சுவரில் விழும் நியூட்ரான்கள் பெருகின. 1987 முதல் நோவோவொரோனெஷ் நிலையம் தொடங்கிப் பல கலன்களைச் சுமார் 475 டிகிரியில் நாள்கணக்கில் சூடாக்கி எஃகைத் தளர்த்தினார்கள். ஆயினும் எவ்வளவு மீண்டது, மீண்டும் எவ்வளவு வேகத்தில் இறுகும் என்பதைச் சூடாக்கும் அடுப்பு சொல்லாது. அந்த முதல் தலைமுறைக் கலன்களில் மாதிரித் துண்டுகளே வைக்கவில்லை. அதனால் சில கலன்களின் உட்சுவரிலிருந்தே சிறு சில்லுகளைச் செதுக்கியெடுத்துச் சோதித்தார்கள். சிகிச்சை வந்த பிறகும் சாட்சி தேவைப்பட்டது.

இன்று கணினிச் சூத்திரங்கள் போதும் என்பார்கள். அச்சூத்திரங்களைக் கட்டியதே உடைத்த துண்டுகளின் கணக்கைக் கொண்டுதான். கணக்கில் வராத ஒன்று குறுக்கிடும்போது அவை பிசகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள எச்எஃப்ஐஆர் ஆய்வு உலையில் 1986-ல் சோதித்த துண்டுகள், எதிர்பார்த்ததைவிடக் கலன் வேகமாக இறுகியிருப்பதைக் காட்டின. உலையை நிறுத்தி, ஆய்ந்து, 100 மெகாவாட்டிலிருந்து 85-ஆகக் குறைத்து மீண்டும் இயக்கினார்கள். பங்கு சிறிது என்று ஒதுக்கியிருந்த காமாக் கதிர்களே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. யாங்கி ரோ மூடப்பட்டதற்கும் ஓக் ரிட்ஜ் உலை தொடர்ந்து ஓடியதற்கும் இடையில் மாதிரித் துண்டுகள் பெரிய வேறுபாடாக நின்றன. கூடங்குளத்தில் ஓடும் இரு உலைகளும் விவிஇஆர் குடும்பத்தின் பெரிய வடிவங்கள். அவற்றின் ஆயுளை நீட்டிக்கலாமா என்று ஒருநாள் கேள்வி வரும்போது, துண்டுகள் என்ன சொல்லின என்பதை ஆண்டுவாரியாக, முழுமையாக, பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருப்பதே நேர்மையான விடையாக இருக்கும். அந்தப் பதிவை இன்றே தொடர்ந்து பேணி வர வேண்டும். தேவைப்படும் நாளில் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது.