அஷூர்பானிபாலின் ஏடுகள்

இலக்கியப் பரிச்சயம் மனிதனைப் பண்படுத்தும் என்பதை நம் விமர்சகர்களில் பலர் நிரூபணம் வேண்டாத உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிவந்தேன். என் நம்பிக்கையைக் குலைத்தவன் அஸ்ஸீரிய அரசன் அஷூர்பானிபால்.

கி.மு. 7-ம் நூற்றாண்டில் நினிவேயிலிருந்து ஆண்ட இவன் எழுத்தறிந்தவன். பிரளயத்துக்கு முந்தைய கல்வெட்டுகளையும் தான் படித்ததாகப் பெருமை பேசியவன். சிங்க வேட்டைச் சிற்பத்தில் இவன் இடுப்புக் கச்சையில் எழுத்தாணி செருகியிருக்கிறது. அதே அரண்மனையின் இன்னொரு சிற்பத்தில், திராட்சைக் கொடி நிழலில் அரசியுடன் மது அருந்துகிறான். பக்கத்து மரத்தில் ஏலாம் நாட்டு மன்னன் தெயும்மானின் வெட்டுண்ட தலை தொங்குகிறது.

கி.மு. 648-ல் சகோதரனின் கலகத்தை அடக்கி பாபிலோனைப் பிடித்தபின், பாபிலோனியப் பண்டிதர்களின் ஏடுகள் ஏராளமாக இவன் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்னாரிடமிருந்து இன்ன நூல், இத்தனை ஏடு என்று வரவு வைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. பாங்க்கில் பேரேடு எழுதுகிற எனக்கு அந்தக் குறிப்புகளின் நிதானம் பழக்கமானது. அதனாலேயே கூச்சம் தருவது. அக்காலத்து இன்னொரு குறிப்பு, நிப்பூர் ஆளுநரின் மகன் ஒரு நூல்வரிசையை எழுதி முடித்தான், அவனுக்கு விலங்கு பூட்டியாயிற்று என்கிறது. இரண்டு செய்தியும் ஒரே வாக்கியத்தில்.

கி.மு. 612-ல் மீடியர்களும் பாபிலோனியர்களும் நினிவேயை எரித்தார்கள். மெழுகு பூசிய மரப்பலகைகள் சாம்பலாயின. களிமண் ஏடுகள் பல தீயில் வெந்து இறுகின. 19-ம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டும் ரஸ்ஸாமும் தோண்டியெடுத்தவை இன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. துண்டுகளையும் சேர்த்து 30,000-க்கு மேல். கரன்ஸி நோட்டுக்குத் தகடு செதுக்கும் தொழில் பழகிய ஜார்ஜ் ஸ்மித் 1872-ல் அவற்றிலொன்றில் பிரளயக் கதையைக் கண்டுபிடித்தார். அது கில்காமெஷ் காவியத்தின் பகுதி.

நண்பனைப் பறிகொடுத்து, தன் சாவுக்கு அஞ்சி அலைந்த ஓர் அரசனின் கதை அது. அஷூர்பானிபாலிடம் அதன் பிரதிகள் இருந்தன. தன் ஏடுகளின் கடைசியில் தன் பெயரைப் பொறிக்கச் சொன்னான். மரத்திலிருந்த தலையையும் சிற்பமாகச் செதுக்கச் சொன்னவன் அவன்தான்.

கில்காமெஷ் எனக்குக் கிடைத்ததில் இவனுக்குப் பங்குண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு படைப்புக்குத் தரவேண்டிய மரியாதையை அதைச் சேர்த்தவனுக்கும் ரசித்தவனுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அது தப்பான வரவு. ரசனை யாருக்கும் ஜாமீன் நிற்பதில்லை. நம் சிறு வட்டத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.