முட்டுக்கல்லுக்குப் பின் வரும் கருத்துக்கேட்பு: சென்னை–சேலம் எட்டுவழிச்சாலை வழக்கில் சுற்றுச்சூழல் அனுமதியின் இடம்

2018 ஜூனில் சேலம் மாவட்டத்தின் ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், ராமலிங்கபுரம் பகுதிகளில் வருவாய்த் துறையினர் போலீஸ் பாதுகாப்போடு வந்து, எடுக்கப்போகும் நிலத்தின் எல்லையைக் குறிக்கும் முட்டுக்கல் நட்டார்கள். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள், கைதுகள் நடந்தன. சாலைத் தடத்தின் வேறு சில ஊர்களில் நட்ட கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாயில், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஊடே 277 கிலோமீட்டருக்குப் போட நினைத்த சாலை அது. அதற்கு அன்றைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடையாது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடந்திருக்கவில்லை. இந்த முன்பின் வரிசைதான் தகராறின் மையம் என்பது என் வாதம். இழப்பீட்டுத் தொகை பற்றிய பேரமாக மட்டும் அதைப் பார்த்தவர்கள் விவசாயிகள் எழுப்பிய கேள்வியைத் தவறவிட்டார்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன்படி, 3ஏ பிரிவு நிலம் எடுக்கும் நோக்கத்தை அறிவிக்கிறது. 3சி பிரிவு ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தருகிறது. 3டி அறிவிப்போடு நிலம் முழுதாக மத்திய அரசிடம் போய்விடும். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு இங்கே இடமில்லை. அச்சட்டத்தின் 105ஆவது பிரிவு நெடுஞ்சாலைச் சட்டத்தை விலக்கி வைத்திருக்கிறது. எஞ்சியிருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒன்றே. புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. ஆனால் எதற்கு முன்?

சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று, நிலத்தில் கைவைப்பதற்கு முன் என்று விடை சொன்னது. நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு 3ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று நீதிபதி ஏ.எம். கான்வில்கர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இதை மாற்றியது. 3ஏ வெறும் நோக்க அறிவிப்பு, அதற்கு அனுமதி தேவையில்லை. சாலை வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும் என்பது அதன் முடிவு.

உச்ச நீதிமன்றத்தின் தர்க்கத்தில் சாரம் இல்லாமல் இல்லை. எந்த நிலம் என்று தெரியாமல் எந்தத் தாக்கத்தை அளப்பது? அளவையாளர் உள்ளே நுழையச் சட்ட அதிகாரம் வேண்டும். அது 3ஏ அறிவிப்புக்குப் பிறகே வருகிறது. ஆனால் ஒரு தடத்தை இன்னொரு தடத்தோடு ஒப்பிடப் புல எண்கள் தேவையில்லை. சேர்வராயன் மலையடிவாரமும் மஞ்சவாடி கணவாயும் ஜருகுமலையும் எங்கே இருக்கின்றன, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல வரைபடமே போதும். கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியத்துக்கு எதிரான கெஞ்சப்பா வழக்கில், நிலம் எடுப்பதற்கு முன்பே சூழலுக்கு நேரும் பாதிப்பைச் சரியாக உணர்ந்திருக்க வேண்டும் என்று 2006இல் சொன்னதும் இதே உச்ச நீதிமன்றம்தான். அந்தச் சிந்தனையை நீட்டித்திருக்கலாம். 2020 தீர்ப்பு அதை அந்த வழக்கின் எல்லைக்குள் ஒதுக்கிவிட்டது.

மேலும், 3ஏ வெறும் நோக்கம் என்பது தீர்ப்பின் மொழியில் உண்மை. கிராம நிர்வாக அலுவலகத்தில் அது வேறு. நிலம் இன்னும் அரசிடம் சேராத நிலையிலேயே வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்குப் போகிறவர் சிட்டாவும் அடங்கலும் காட்ட வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் என்னத்தைக் காட்டுவார்? எட்டு வாரத்துக்குள் பதிவுகளைப் பழையபடி திருத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்றவற்றில் மாறுபட்ட உச்ச நீதிமன்றமும் இந்தப் பெயர் மாற்றம் சட்டவிரோதம் என்று ஏற்றுக்கொண்டது. நோக்க அறிவிப்பால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்ற வாதத்தை அந்தப் பதிவேடே மறுக்கிறது.

நிலம் எடுப்பது முடிவான பிறகு நடக்கும் கருத்துக்கேட்பில் எதைப் பேச முடியும்? சேலம் வட்டாரம் பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியது. தென்னை, பாக்கு, மஞ்சள், மரவள்ளி எல்லாம் கிணற்றை ஒட்டி நிற்பவை. வேலியிட்ட எட்டுவழிச்சாலை ஒரு தோட்டத்தைப் பிளந்தால் கிணறு ஒரு புறமும் தென்னை மறுபுறமும் போகும். குழாய் கடக்க வழி எங்கே, மாடு கடக்கச் சுரங்கப்பாதை எத்தனை தூரத்தில் என்பவை முக்கியமான கேள்விகள்தான். ஆனால் அவை சாலை வந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டவர் கேட்பவை. சாலை இங்கே ஏன் என்று கேட்கும் இடம் 3சி விசாரணை என்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் நிலமெடுப்புக்கான வருவாய் அலுவலர். மாற்றுத் தடத்தை எடைபோடும் பொறுப்பும் கருவியும் அவரிடம் இல்லை.

மாற்று இல்லாமலும் இல்லை. சேலத்திலிருந்து சென்னைக்குக் கிருஷ்ணகிரி வழியாக ஒரு நெடுஞ்சாலை, ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக இன்னொன்று என்று ஏற்கெனவே இரண்டு உண்டு. உளுந்தூர்பேட்டைச் சாலையை நான்குவழியாக்கியபோது வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகளை இருவழியாகவே விட்டுவிட்டார்கள். நான்கு வழியில் வேகமாக வந்த வண்டி திடீரென இருவழிக்குள் நுழைந்து எதிர்வரும் லாரியைச் சந்தித்த அந்த இடங்கள் விபத்துக்குப் பேர்போனவையாக இருந்தன. அவற்றை அகலப்படுத்துங்கள் என்பது இவ்வட்டார மக்களின் பழைய கோரிக்கை. எட்டுவழிச்சாலையை எதிர்த்தவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று ஏசியவர்கள் இந்தக் கோரிக்கையை வசதியாக மறந்தார்கள். சென்னை–மதுரை என்றிருந்த பாரத்மாலா தடம் சென்னை–சேலமாக மாறியதும் டெல்லிக் கோப்புகளுக்குள்ளேயே நடந்து முடிந்தது. அந்த மாற்றத்தின் காரணத்தை எந்த ஊர்ப் பொதுக்கூட்டத்திலும் யாரும் விளக்கவில்லை.

1998ஆம் ஆண்டு ஆர்ஹூஸ் உடன்படிக்கை, எல்லா மாற்றுகளும் திறந்திருக்கும்போதே மக்கள் பங்கேற்பு தொடங்க வேண்டும் என்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. சேர்ந்தால்தான் அந்த நெறி கைகூடும் என்றும் இல்லை. 3ஏ அறிவிக்கைக்கு முன், உத்தேசத் தடங்களையும் இருக்கும் சாலைகளை அகலப்படுத்தும் வாய்ப்பையும் ஒப்பிடும் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு மாவட்டந்தோறும் கருத்துக் கேட்பது கட்டாயம் என்று 2006 அறிவிக்கையில் ஒரு திருத்தம் போதும். நில அளவையும் அனுமதி பற்றிய விரிவான ஆய்வும் அதன் பிறகு நடக்கட்டும். சேலத்தில் அப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால், ஆத்தூர் புறவழிச்சாலையை முதலில் அகலப்படுத்தாதது ஏன் என்ற கேள்விக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.