பிடிகாரனின் விலை

2025 மே 31 அன்று புரோ கபடி லீக்கின் 12ஆவது சீசனுக்கான ஏலம் மும்பையில் நடந்துகொண்டிருந்தது. தாயில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சித்தப்பாவும் நானும் ஒரே மொபைலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரான்காரர் முகமதுரேசா ஷாட்லூயியை குஜராத் ஜெயன்ட்ஸ் 2.23 கோடிக்கு எடுத்தது.

"பாத்தீங்களா சித்தப்பா, பிடிகாரனுக்கும் கோடி வந்துருச்சு."

"அவன் பாடவும் போவான்ல. வெறும் பிடிகாரனுக்கு எவன் அம்புட்டுக் குடுப்பான்?"

சித்தப்பா பல வருஷம் ஊர் டீமில் வலது கார்னர் நின்றவர். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுசாக நீளாது. பகலில் பட்டாசு ஆலை வேலை. அவர் சொன்னதை அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பழைய ஏலக் கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். விஷயம் நாங்கள் இருவரும் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது.

ஏலம் வருவதற்கு முன்பு கபடிக்காரனுக்கு இருந்த ஒரே விலை வேலைதான். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டு இந்தியா தங்கம் வாங்கியது. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று நன்றாக ஆடியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலியில் பாடுகிறவன், பிடிக்கிறவன் என்று சம்பளப் பிரிவு கிடையாது.

2014இல் புரோ கபடி தொடங்கியபோதுதான் ஆளுக்கு ஆள் விலை எழுதப்பட்டது. முதல் ஏலத்தின் உச்ச விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். இரண்டே வருஷத்தில் ஒரு ஆச்சரியம் நடந்தது. 2016 ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ஒரு பிடிகாரர். மோஹித் சில்லரை பெங்களூரு புல்ஸ் 53 லட்சத்துக்கு எடுத்தது. யு மும்பாவில் அவரோடு சேர்ந்து பிடித்த சுரேந்தர் நாடாவும் அதே அணிக்கு வந்தார். ஜோடியாகவே வாங்கிப் போட்டும் அந்த சீசனில் புல்ஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. அதே 2016இல் கோப்பையைத் தூக்கிய பாட்னா பைரேட்ஸின் கேப்டன், நம் தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். நாற்பதைத் தாண்டிய கார்னர் பிடிகாரர். விலை ஒரு பக்கம் போனது, கோப்பை வேறு பக்கம் போனது.

அதற்குப் பிறகு உச்ச விலை பெரும்பாலும் பாடுகிறவர்கள் கைக்குப் போய்விட்டது. 2018இல் மோனு கோயத் 1.51 கோடி. 2021இல் பர்தீப் நர்வால் 1.65 கோடி. 2023இல் பவன் செராவத் 2.605 கோடி. அதே 2023 ஏலத்தில், உலகத்தின் மிகச்சிறந்த பிடிகாரர்களில் ஒருவரான ஈரானின் ஃபசல் அத்ராச்சலிக்குக் கிடைத்தது 1.60 கோடி. ஏறத்தாழ ஒரு கோடி வித்தியாசம். இத்தனைக்கும் இந்த லீக்கில் முதன்முதலாக ஒரு கோடி விலையைத் தொட்டவரே ஃபசல்தான், 2018இல்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம் விதியிலேயே இருக்கிறது. பாடிப் போகிறவன் 30 விநாடியில் மூன்று பேரைத் தொட்டால் மூன்று புள்ளி. பிடித்தால் ஒரு புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால்தான் இரண்டு. இன்னொரு காரணம், பாடுகிறவன் தனியாகப் போகிறான், அவன் எடுத்தது அவன் கணக்கு. பிடி அப்படியில்லை. கார்னர் கணுக்காலைப் பிடிக்க, கவர் ஓடிவந்து மோத, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஸ்கோர் அட்டையில் ஒரு பெயர்தான் ஏறும். அந்தப் பெயரை மட்டும் பிரித்து விலைக்கு வாங்கினால், கூட நின்ற கைகள் வராது.

ஆனால் இந்தக் கணக்கு எங்கே இடறும் என்பதை நம் தமிழ் தலைவாஸே காட்டியது. 2022இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, சீசன் முடிந்தது. 'அவ்ளோதான்' என்று நாங்களும் எழுதி முடித்துவிட்டோம். ஆனால் சாகர் ரதி, சாஹில் குலியா, எம். அபிஷேக் என்று அதிக விலை இல்லாத இளம் பிடிகாரர்கள் சேர்ந்து நின்றார்கள். நரேந்தர் பாடிப் புள்ளி எடுத்ததும் உண்மை. அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் சொன்னது தப்பா?" என்று கேட்டார். தப்பு இல்லை. ஷாட்லூயி அடிப்படையில் இடது கார்னர். ஆனால் ஏலப் பட்டியலில் அவர் ஆல்ரவுண்டர். இரண்டு கோடியைத் தாண்ட, பிடிகாரனுக்குப் பாடவும் தெரிய வேண்டியிருக்கிறது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஏப்பா, நல்ல கார்னர் நின்னா அந்தப் பக்கம் பாட வர்றவன் வரவே யோசிப்பான். வராமலே திரும்பிப் போவான். அதுக்குப் புள்ளி உண்டா?"

இல்லை. முப்பது விநாடி வீணாகும், அவ்வளவுதான். யார் கணக்கிலும் ஏறாது.

"எங்க வேலையும் அப்பிடித்தான். எத்தனை உருப்படி முடிச்சமோ அதுக்குக் கூலி. மருந்து சிந்தாம, உரசாம, ஒரு நாள் ஒண்ணும் நடக்காமப் போச்சே, அதுக்கு எவன் கூலி குடுக்கான்?"

நான் பதில் சொல்லவில்லை. எண்ண முடிந்ததற்குத்தான் ஏலக்காரரும் விலை வைக்கிறார், முதலாளியும் விலை வைக்கிறார். பதினோரு வருஷ ஏலத்தில் பிடிகாரனின் விலை லட்சத்திலிருந்து கோடிக்கு ஏறியதும் பிடியை எண்ணத் தொடங்கிய பிறகுதான். நடக்காமல் தடுத்ததை எண்ண இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

மொபைலில் அடுத்த பெயர் வந்தது. அர்ஜுன் தேஷ்வால், 1.405 கோடி, தமிழ் தலைவாஸ்.

"பாடுற பயதான?" என்றார் சித்தப்பா.

"ஆமா."

நீளாத விரல்களைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். காலையில் வேன் சீக்கிரம் வந்துவிடும்.