எருமைக்கண் குங்கிலியம்: ஒரு முள்செடியின் பிசின் கதை

இன்னிக்கு எபிசோடில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. ஒரு முள்செடிதான். ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்து, பலுசிஸ்தான் என்று மழை குறைந்த பாறைக் காடுகளில் தானாக வளர்வது. ஆள் உயரம், மிஞ்சினால் கொஞ்சம் மேலே. கோணல்மாணலாப் போகிற கிளைகள் முள்ளில் போய் முடியும். பட்டை காகிதம் மாதிரி உரியும். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல இலையே இருக்காது.

பேர் குக்குலு. வடக்கே கூகல் என்றும் சொல்றாங்க. ஆமா, அந்தக் கம்பெனி மாதிரியேதான் கேக்கும். சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா மேல போகலாம்.

நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் இதன் பிசினுக்கு மைசாட்சின்னு பேர். சித்த மருத்துவத்தில் எருமைக்கண் குங்கிலியம். மகிஷம்னா எருமை, அட்சம்னா கண். கருத்து மினுங்குற பிசின் உருண்டையைப் பார்த்து வந்த பேர். வெறுமனே குங்கிலியம்னு கேட்டீங்கன்னா சால் மரத்துப் பிசின் கைக்கு வரும். அது வேற.

இந்தப் பிசினின் வியாபாரம் ரொம்பப் பழசு. அதர்வ வேதத்தில் குல்குலு என்று வருகிறது. சிந்துவில் இருந்து வருவது, கடல்வழி வருவது என்று ரெண்டு சரக்கையும் அங்கே சொல்லியிருக்காங்க. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' தெரியுமில்லையா, நம்ம முசிறி பத்திப் பேசும்போது எல்லாரும் எடுக்குற அதே கையேடு. அதில் சிந்து முகத்துவாரத்தில் இருந்த பார்பரிகான், இன்றைய பரூச்சான பாரிகாஸா, ரெண்டு துறைமுகத்தின் ஏற்றுமதிப் பட்டியலிலும் 'டெல்லியம்' என்ற பிசின் இருக்கு. அதைக் குக்குலுன்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. ரோமாபுரியில் பிளினி, இந்தப் பிசினில் பாதாம் கலந்து ஏமாத்துறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். கலப்படம் பண்ற அளவுக்கு விலை இருந்திருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

செடியின் அறிவியல் பெயர் கோமிபோரா வைட்டி. இந்த 'வைட்டி'யில் இருப்பவர் ராபர்ட் வைட். 1819-இல் மெட்ராஸுக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களைப் பதிவு பண்றதிலேயே வாழ்க்கையைச் செலவழிச்சவர். 1840-களில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைய வைக்கும் கம்பெனி வேலையைப் பார்த்தார். 1839-இல் அவர் நண்பர் ஆர்னாட் இந்தச் செடிக்கு அவர் பெயரை வச்சார். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் கொறங்காட்டைச் சுத்தி கிளுவை வேலி பார்த்திருப்பீங்களே, அந்த முட்கிளுவையும் கோமிபோராதான். குக்குலுவுக்குப் பங்காளி முறை.

இப்ப ஒரு பெரிய தாவல். 1960-கள், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம். ஜி.வி. சத்யவதி என்ற இளம் ஆய்வாளர் சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு கூடி நாளங்கள் அடைபடுவது பற்றிய பகுதியைப் படிக்கிறார். நவீன மருத்துவம் ரத்தக்குழாய் அடைப்புன்னு சொல்றது இதுதானோன்னு கேள்வி. முயல்களுக்குக் கொழுப்பு ஏத்தி, குக்குலு கொடுத்துப் பார்க்கிறார். கொலஸ்ட்ரால் குறைஞ்சது. 1966-இல் ஆய்வேடு. பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரே ஆனார். பழைய நூலைக் கும்பிடாம, அதிலிருந்து சோதிக்கக்கூடிய ஒரு கேள்வியை எடுத்தாங்க பாருங்க, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் அது.

அதுக்கப்புறம் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதிலிருந்து குக்குலிபிட் என்ற மருந்தை உருவாக்கி, 1980-களில் அது இந்தியச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் துணை உணவு என்ற பேரில் டப்பா டப்பாவா வித்தது. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 103 பேரை எடுத்து, ஒரு பகுதிக்குக் குக்குலு, ஒரு பகுதிக்கு வெறும் மாத்திரைன்னு 8 வாரம் சோதிச்சாங்க. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் கெட்ட கொழுப்பு 5 சதவீதம் குறைஞ்சது. குக்குலு சாப்பிட்டவங்களுக்கு 4, 5 சதவீதம் ஏறிடுச்சு! சிலருக்குத் தோலில் தடிப்பு வேற. இந்தியச் சோதனைகள் குறையுதுன்னு சொன்னதே, உணவுமுறை வித்தியாசமான்னு இன்னும் விவாதம் நடக்குது. கொலஸ்ட்ராலுக்காக இதை வாங்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல டாக்டரைக் கேளுங்க.

ஆனா மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு முடிவாகிறதுக்கு முன்னாடியே செடி அடி வாங்கிடுச்சு. பிசின் எடுக்கும் அளவுக்கு வளர எட்டு, பத்து வருஷம் ஆகும். பட்டையில் லேசாக் கீறிவிட்டு, கசியுற பிசினை வழிச்சா செடி பிழைச்சுக்கும். கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் பல இடங்களில் ஆழமா வெட்டி, பிசினும் மயில்துத்தமும் குதிரை மூத்திரமும் குழைச்ச விழுதை வெட்டுக்காயத்தில் வைக்கிறாங்க. பிசின் கொட்டும். செடி செத்துப்போகும்.

ஆடு மேய்க்கிறவர்கள், நிலமில்லாதவர்கள்தான் பெரும்பாலும் வெட்டுறது. அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. பொதுக்காட்டில் நிக்கிற செடி. இன்னிக்கு நான் அளவா எடுத்துட்டு விட்டா, நாளைக்கு வேறொருத்தர் மொத்தமா எடுத்துட்டுப் போவார். எங்க வேலையில் இதை ரேஸ் கண்டிஷன்னு சொல்வோம். லாக் இல்லாத ஒரே டேட்டாவுக்கு ரெண்டு ப்ரோசஸ் அடிச்சுக்கிற நிலைமை. அதில் ஒரு ப்ரோசஸை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. விலையை ஏத்திவிட்ட டப்பா எங்கேயோ ஏசி கடையில் இருக்கு.

செடி தானா மீண்டு வருமா? இனப்பெருக்கத்திலும் சிக்கல். பெரும்பாலும் பெண் செடிகள்தான், ஆண் செடி அபூர்வம். மகரந்தம் சேராமலே விதை உண்டாகுது, அதனால் கன்று தாயின் நகல் மாதிரிதான். புது நோயோ பஞ்சமோ வந்தா எல்லாத்துக்கும் ஒரே பலவீனம். விதையும் சுலபமா முளைக்காது.

2015-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குக்குலுவை 'மிக அருகிவிட்ட இனம்' என்று அறிவிச்சது. காட்டில் அழிவுக்கு முந்தைய கடைசிப் படி அது. குச்சியை வெட்டி நட்டா வேர் பிடிக்கும் என்பதால் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் நட்டு வளர்க்குறாங்க. நட்ட குச்சியில் பிசின் பார்க்க இன்னும் எட்டு, பத்து வருஷம். அதுவரைக்கும் நாட்டு மருந்துக் கடை டப்பாவில் இருக்கிற உருண்டை பெரும்பாலும் ஏதோ ஒரு பாறைக்காட்டில் வெட்டப்பட்ட செடியில் இருந்துதான் வரும்.