சாயவேர்: மண் கிண்டினவர்களின் வரலாறு

இம்பூறல் எண்டால் எங்கட வயதில் பலருக்குத் தெரியாது. சித்த வைத்தியர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்: இருமலுக்கும் இளைப்புக்கும், சளியோடு இரத்தம் வருவதற்கும் கொடுக்கிற மூலிகை. மணல் தரையில் வளருகிற சின்னச் செடி. வெள்ளைப் பூ, கவனிக்காமல் மிதித்துப் போகிற அளவுக்குச் சின்னது. இதே செடிக்கு இன்னொரு பெயர் சாயவேர். வரலாற்றில் அது அந்தப் பெயரோடுதான் வருகிறது.

அதன் வேரில் அலிசரின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய துணியை இந்த வேரோடு அவித்தால் லேசில் வெளுக்காத சிவப்புப் பிடிக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளின் பேர்பெற்ற சிவப்பு இதுதான். யாழ்ப்பாணம், தீவுப்பகுதி, மன்னார், வன்னி மணலில் தானாக வளர்ந்த வேருக்கு அப்போது நல்ல மதிப்பு.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இதை விடுவார்களா? சாயவேரைக் கும்பனியின் ஏகபோகமாக்கினார்கள். வேர் கிண்டுவது குறிப்பிட்ட சாதியினரின் ஊழியம். கிண்டிய வேரைக் கும்பனிக்கே, கும்பனி குறித்த விலைக்கே கொடுக்க வேணும். வெயிலில் குனிந்து, மெல்லிய நீண்ட வேரை அறுந்துபோகாமல் எடுக்கிற வேலை அது.

இதில் ஒல்லாந்தரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப ஏலாது. ஊழியமும் சாதிக் கட்டும் அவர்கள் கொண்டுவந்தவை அல்ல. எங்கட சமூகத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவர்கள் கணக்கெழுதி இறுக்கினார்கள். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு தனிப் பகுதியே இருக்கிறது.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கிற பொருளே அதற்குப் போதுமாக இருந்தது. கொஞ்சக் காலத்திலேயே வேர்ச்சாயங்களின் சந்தை சரிந்தது. சாயவேர் திரும்பவும் வெறும் மூலிகை ஆனது.

இப்ப மூலிகை எண்டதும் ‘முன்னோர் அறிவு’ என்று பெருமையாகக் கதைக்கிறோம். எந்த முன்னோர்? எந்த மணலில் இந்தச் செடி நிற்கும், எப்படிக் கிண்டினால் வேர் அறாது என்பதெல்லாம் வேர் கிண்டினவர்களின் கைக்குத் தெரிந்த அறிவு. ஏடு எழுதின வைத்தியரை நினைக்கிறோம், துணி விற்ற வியாபாரியை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. மண் கிண்டினவரையும் அந்த முன்னோர் கணக்கில் சேர்க்காமல் இந்தப் பெருமை முழுமையாகாது.