நடுவில் உதிர்ந்த ‘சூப்பர்’

பட்டு ஆரணியைச் சொல்லவில்லை. பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஆரணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகள் ஓடும் இந்த வட்டாரத்தில் ‘டர்போ போயிடுச்சு’ என்றால் எந்த மெக்கானிக்கும் விளக்கம் கேட்கமாட்டார். சூப்பர்சார்ஜர் என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார். இத்தனைக்கும் டர்போவின் பழைய முழுப்பெயர் டர்போசூப்பர்சார்ஜர்.

‘சார்ஜ்’ என்பதன் வேர், வண்டியைக் குறிக்கும் லத்தீன் ‘கார்ருஸ்’. வண்டியில் பாரம் ஏற்றுவதே சார்ஜ் ஆயிற்று. ‘கார்’ என்பதும் அதே வண்டியின் வாரிசுதான். எஞ்சின் தானாக இழுக்கும் காற்றுக்கு மேலும் திணித்து ஏற்றினால் சூப்பர்சார்ஜ். 1885-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற காட்லீப் டைம்லர், காற்றடிக்கும் வேலையை எஞ்சினிடமே விட்டார். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் வேறு வழி காட்டினார்: வெளியேறும் புகை ஒரு டர்பைனைச் சுழற்றட்டும், அது காற்றைத் திணிக்கட்டும்.

‘டர்பைன்’ என்ற சொல்லை 1822-இல் செய்தவர் குளோத் புர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவர் எடுத்துக்கொண்ட லத்தீன் ‘டர்போ’வுக்குப் பம்பரம் என்று பொருள், சுழல்காற்று என்றும் உண்டு. காரில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் கருவிக்கு இரண்டுமே பொருந்துகின்றன.

ஆக, டர்போவும் ஒருவகை சூப்பர்சார்ஜர்தான். நடுவிலிருந்த ‘சூப்பர்’ உதிர்ந்த பிறகே இரண்டும் எதிரணிகள்போல் ஆயின. டர்போவா, சூப்பரா என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, காற்றைத் திணிப்பது புகையா, எஞ்சின் சுழற்றும் பெல்ட்டா என்பதைத்தான். பெல்ட் என்றால் மிதித்ததும் இழுவை கிடைக்கும். அதற்கு எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். புகை வேகம் பிடிக்கச் சற்றுப் பிந்தும், ஆனால் வீணாகப் போவதிலிருந்து வேலை வாங்கிவிடும். டீசல் கணக்குப் பார்க்கும் லாரி முதலாளி எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. டாடாவின் 697 டிசி எஞ்சினில் ‘டிசி’ என்பதே டர்போசார்ஜ்டு. பெல்ட் வகை நம் ஊரில் கண்ணில் பட்டதெல்லாம் சில மெர்சிடிஸ் கார்களின் பின்புறத்தில், ‘கொம்ப்ரெஸர்’ என்ற ஜெர்மன் பெயரில்.

பிறகு இரண்டு பெயர்களையும் மின்சாரக் கார்கள் எடுத்துக்கொண்டன. டெஸ்லா 2012-இல் தன் விரைவு சார்ஜிங் நிலையங்களுக்கு ‘சூப்பர்சார்ஜர்’ என்று பெயர் வைத்தது. போர்ஷே 2019-இல் டைகான் காரின் விலை கூடிய வகையை ‘டர்போ’ என்றது. புகையே விடாத வண்டி அது. அங்கே டர்போ என்பதற்கு, விலை கூடியது என்பதைத் தவிர வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.