ட்ரோபோபாஸ்: புரளல் ஓயும் எல்லை

சாரல் காலத்தில் தென்காசியில் நின்று மேற்கே பார்த்தால், மேகம் குற்றால மலை முகட்டை விட்டு எழும்பாமல் கிடக்கும். வெயிலும் தூறலும் ஒன்றாக விழும்; கொடியில் போட்ட துணி காய்ந்தபாடில்லை. இது உயரம் குறைந்த மேகம். சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமேகம் வேறு சாதி. பதினைந்து கிலோமீட்டரையும் தாண்டி வளர்ந்து, ஓர் உயரத்தில் முட்டிக்கொண்டு, கொல்லன் பட்டடை போலப் பக்கவாட்டில் பரந்துவிடும். அது முட்டும் இடத்துக்குத்தான் ட்ரோபோபாஸ் என்று பெயர்.

பெயரின் கதை பிரான்சில் தொடங்குகிறது. பாரிஸை அடுத்த ட்ராப் என்ற ஊரில் லியோன் டெஸரான் த போர் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டார். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, 11 கி.மீ. அளவில் குளிர்வதை நிறுத்திக்கொண்டது. வெயில்பட்டுக் கருவி பொய் சொல்கிறதோ என்ற ஐயத்தில் இரவிலும் பலூன் விட்டுப் பார்த்தார். 236 பலூன்களின் கணக்கோடு 1902 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார். அதே சமயம் ஜெர்மனியில் ரிச்சர்ட் அஸ்மானும் இதையே கண்டிருந்தார். காற்று மேலும் கீழும் புரளும் கீழ்ப்பகுதிக்கு டெஸரான் த போர் இட்ட பெயர் ட்ரோபோஸ்பியர். புரளாமல் படிந்து கிடப்பதாக அவர் கருதிய மேற்பகுதி ஸ்ட்ராடோஸ்பியர். இரண்டின் எல்லைக்கான 'ட்ரோபோபாஸ்' பின்னால் வந்த சொல்.

'ட்ரோபோஸ்' கிரேக்கத்தில் திருப்பம், 'பாஸ்' ஓய்வு. ஒலி ஒத்திருக்கிறதே என்று நம் 'திரும்பு'வை இதனோடு முடிச்சுப் போட ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது, ஒலியொப்பு உறவாகிவிடாது. கடக, மகர ரேகைகளில் சூரியன் திரும்புவதால் 'டிராபிக்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. நாம் அதை 'வெப்பமண்டலம்' ஆக்கிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், இந்த வெப்பமண்டலத்தின் தலைக்கு மேலேதான் ட்ரோபோபாஸ் மிகக் குளிர்ந்தது. துருவங்களில் அது 8, 9 கி.மீ. உயரத்திலேயே வந்துவிடும், நமக்கோ 16, 17 கி.மீ. அத்தனை தூரம் குளிர்ந்துகொண்டே போனால், உறைநிலைக்குக் கீழே 80 டிகிரி ஆகாமல் என்ன செய்யும்?

ஓய்வு என்றதும் அங்கே காற்றே அடிக்காது என்று எண்ண வேண்டாம். கீழே மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாயில் புகுந்து சாரலைத் தூவும் மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மணிக்கு 100 கி.மீ.க்கும் மிஞ்சிய வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. அதை 1958இல் உலகுக்கு விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். ஆக, ஓய்வது காற்றோட்டம் அல்ல, மேல்கீழ்ப் புரளல் மட்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். ட்ரோபோஸ்பியருக்கு நம் பாடநூல் தரும் 'கீழடுக்கு' இருக்குமிடத்தைச் சொல்கிறது, இயல்பைச் சொல்லவில்லை. இலங்கைத் தமிழரின் 'மாறன் மண்டலம்' வேரை விடாமல் பிடித்திருக்கிறது. எல்லைக்கு மட்டும் இங்கே ட்ரோபோபாஸையே எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கிறோம். மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்று நாள்தோறும் பேசுகிற நமக்கு 'ஓய்வெல்லை' புரியாதா? பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.